ஒன்பதாவது பாட்டின் இடது பக்கம்

அடையாறு பதிவுக்கூடத்தில் ஷகீலாவோடு எட்டுப் பாட்டுகளைப் பதிவுசெய்துவிட்டு ஜவஹர் கோபித்துக்கொண்டு போன மறுநாள் காலையிலிருந்து, தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் அவள் வீட்டுப் பியானோவின் இடது பாதிக் கட்டைகள் ஆளில்லாமல் அமுங்க ஆரம்பித்தன. ஜவஹரின் விரல் எதைத் தட்டினாலும் இங்கே கட்டை அமுங்கியது. பெருங்குடி அலுவலகத்தில் அவன் கணினியில் வேலை செய்யும்போது அவை சோளம் பொரிவதுபோலப் படபடத்தன. மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி அடங்கின. ஷகீலாவின் அம்மா ஹாஜிரா பீ முதல் நாள் மூடியைச் சாத்திப் பார்த்தார், இரண்டாம் நாள் மேலே போர்வை போட்டார், மூன்றாம் நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கத் தொடங்கிவிட்டார். ஒரு புதன்கிழமை, "இன்னாடி, அந்தப் புள்ளைக்கு இன்னிக்கு லீவா? கட்டை சும்மா கீது," என்று கேட்டார்.

ஷகீலாவால்தான் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பதினொரு வருடம் ஊரார் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இப்போதுதான் தன் பெயர் போட்ட இசைத்தட்டு வரவிருந்தது. ஒரே பியானோவில் வலது பக்கம் அவளும் இடது பக்கம் ஜவஹரும் சேர்ந்து வாசிக்கும் ஜாஸ். ஒன்பதாவது பாட்டு இல்லாமல் தட்டின் இரண்டாம் பக்கம் நிறையாது என்று பதிவுக்கூடத்து மெஹபூப் அலி கையை விரித்துவிட்டார். தனித்தனியே வாசித்து ஒட்டவும் வழியில்லை. காதில் தாளம் தட்டிக் காட்டும் கருவி வேண்டாம், ஒருவர் மூச்சைக் கேட்டே மற்றவர் வாசிப்பது என்று இருவரும் பிடிவாதமாக இருந்தவர்கள். ஒன்பதாவது, ஷகீலா எழுதிய மெதுவான பாட்டு. அன்று பதிவில் மூன்று முறையும் ஜவஹர் வேகமெடுத்து முந்தினான். நான்காவது முறை அவள் பாதியில் கையை எடுத்தாள்.

"பஸ் புடிக்கணுமா நைனா?"

"நீ வாசிச்சா பாட்டு ஊர்ந்துகினு கீது," என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனவன் அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தபடியே அவள் ஒன்றைக் கவனித்தாள். காலை ஒன்பதரைக்கு மேல் கட்டைகள் அவளுடைய பாட்டின் இடது பக்கத்தைக் கொஞ்சம் வாசித்துவிட்டு நிற்கும். மயிலாப்பூரிலிருந்து வேலைக்குப் போகிறவன், சிக்னலில் பொறுக்கமாட்டாமல் ஸ்கூட்டர் கைப்பிடியில் அதைத்தான் தட்டுகிறான். ஓட வழியில்லாததால் வேகமும் சரியாகவே இருந்தது. ஆனால் பாட்டு ஆறு நிமிடம், எந்தச் சிக்னலும் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. என்றாவது நீளமான நெரிசல் வரும் என்று மெஹபூப் அலி தினமும் காலையில் ஒலிவாங்கிகளோடு வந்து, டீ குடித்துவிட்டுப் போனார்.

நவம்பரில் ஒருநாள் மழை கொட்டியது. திருவான்மியூரில் முழங்காலளவு தண்ணீர். ஒன்பது நாற்பதுக்குக் கட்டைகள் அசைந்தன. ஹாஜிரா பீ மின்விசிறியை நிறுத்தினார், மெஹபூப் அலி பதிவைத் தொடங்கினார். ஷகீலா வலது பக்கம் உட்கார்ந்து சேர்ந்துகொண்டாள். நான்காவது நிமிடத்தில் அங்கே வண்டிகள் நகர்ந்திருக்க வேண்டும். இடது பக்கம் பாய்ந்தது. சண்டை வந்த அதே இடம். இம்முறை அவள் கையை எடுக்கவில்லை, கூடவே ஓடினாள். மறுபடி நெரிசலோ என்னவோ, அவன் வேகம் தணிந்தது. கடைசிச் சுரத்தை இருவரும் ஒன்றாக விட்டார்கள்.

அட்டையில் ஒன்பதாவது பாட்டுக்குக் கீழே, பதிவான இடத்தை வழக்கப்படி மெஹபூப் அலி எழுதினார்: தியாகராய நகர், திருவான்மியூர் சிக்னல். அச்சுக்கு முன் ஜவஹருக்கும் அட்டையின் ஒரு பிரதி அனுப்பினார். அன்று மாலை ஷகீலாவுக்கு போன் வந்தது.

"சிக்னல் இல்ல, பஸ் டெப்போ வாசல். மாத்தச் சொல்லு," என்றான்.

மாற்றித்தான் அச்சடித்தார்கள்.