முட்டுக் கொடுத்த குச்சி

மூக்குக் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா? வருகிறவர்கள் பட்டென்று சொல்லிவிடுவார்கள். எனக்குத்தான் என் வீட்டில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை.

என் மனைவிக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த பெண் ஒருத்தி. தகப்பனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள். நான் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது, இன்னும் என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க' என்பாள், இல்லையென்றால் கதவைத் தட்டுவாள். மாமாவோ, சாரோ, ஏதாவது ஒன்று அந்த வாயிலிருந்து வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். நானாகக் கேட்க வெட்கம்.

வாசல் தோட்டத்துக்கு ஒரு மரம் வாங்கலாம் என்றபோது அவளாகவே பேசினாள். நம் மண்ணின் மரமாக, பூக்கிற மரமாக, முக்கியமாக இலை கொட்டுகிற மரமாக இருக்கவேண்டுமாம். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்பது பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது.

நாற்றுப் பண்ணையில் அது இலை உதிர்ந்த நேரம். கொன்றையும் மந்தாரையும் என் கண்ணுக்கு ஒரே மொட்டைக் குச்சிதான். மந்தாரை என்றேன், பிறகு கொன்றை என்றேன், பணம் கொடுக்கும்போது மறுபடி மந்தாரைக்கே வந்தேன். பொறுமையிழந்த பண்ணைக்காரர், கன்று காற்றில் சாயாமல் முட்டுக் கொடுக்க ஒரு கிளையையும் வெட்டிக் கையில் திணித்து அனுப்பினார்.

குழி தோண்டி, மக்கிய உரம் போட்டு நட்டேன். பக்கத்தில் கிளையை ஊன்றித் தளர்வாகக் கட்டினேன். தினமும் தண்ணீர் ஊற்றினேன். கன்று தூங்குகிறதா, செத்துவிட்டதா? நகத்தால் கீறிப் பார்த்தால் பச்சை மாதிரியும் இருந்தது, பழுப்பு மாதிரியும் இருந்தது. மரத்தைவிட நீங்கள்தான் வாடிப்போயிருக்கிறீர்கள் என்று மனைவி சிரித்தாள்.

ஒருநாள் காலையில் தளிர் தெரிந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். பெண் குனிந்து பார்த்தாள்.

"துளிர்த்தது மரம் இல்ல. கட்டி வெச்ச குச்சி."

கன்றைத் தொட்டேன், சடக்கென்று முறிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பண்ணைக்காரருக்குப் போன் போட்டால், அந்தக் குச்சி கல்யாண முருங்கை, ஒடித்து நட்டாலே வந்துவிடும், சிவப்பாகப் பூக்கும், அதுவும் இலை கொட்டுகிற நம்மூர் மரம்தான் என்று சாவகாசமாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மரத்தைக்கூட உருப்படியாக நடத் தெரியாதவனை அவள் என்னவென்று கூப்பிடுவாள்? இரண்டையும் பிடுங்கிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தேன்.

எதிர்வீட்டு அம்மாள் கேட் அருகே நின்று, என்ன மரம், யார் வைத்தது என்று விசாரித்தார். நான் வாய் திறக்குமுன் அவள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா வாங்கினது பட்டுப்போச்சு ஆன்ட்டி. அப்பா முட்டுக் குடுத்த குச்சி வந்திருக்கு. அதுவே இருக்கட்டும்."

எந்த அப்பாவைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.