லிவரில் கட்டிய நாடா

இது நடந்தது எந்த மாதம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொடிக்கயிறு பச்சை நிறம் என்பதிலும் கொஞ்சம் சந்தேகம்தான். நாடா நீலம், அது மட்டும் நிச்சயம்.

வீட்டின் பின்புறத்தைக் கிளறிப் போட, தையல்காரி தன் தம்பியிடம் மண் கிளறும் டில்லர் மிஷினை இரவல் கேட்டிருந்தாள். தம்பி பம்ப் மெக்கானிக். மிஷினை இறக்கும்போதே அவள் கணவரிடம் படித்துப் படித்துச் சொன்னான்.

"இந்த லிவரை அழுத்திப் பிடிச்சாதான் பல்லு சுத்தும். விட்டா நின்னுடும். இதோட மட்டும் விளையாடாதீங்க மாமா."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டா நான். எனக்கே பாடம் எடுக்கறியா?"

தம்பி போய்க் கால்மணி நேரம் ஆகவில்லை, டிரைவருக்கு மணிக்கட்டு வலித்தது. தையல் டப்பாவிலிருந்து நீல நாடாவை உருவி வந்து, லிவரைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். காலில் ரப்பர் செருப்பு வேறு.

"என்னங்க, அதை அவிழ்த்துடுங்க."

"உன் வேலையைப் பாரு."

மறுபடி சொன்னாள். அதற்குப் பிறகும் சொன்னாள். சுவரிடம் சொல்லியிருக்கலாம், அது எதிர்த்தாவது பேசாது.

மூன்றாவது வரிசையில், மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய கொடிக்கயிறு பற்களில் சுற்றிக்கொண்டது. மிஷின் திணறி அணைந்தது. டிரைவரின் தடித்த விரல்கள் பற்களுக்கிடையே போகவில்லை.

"உன் விரல்தான் ஒல்லி. நீ எடு."

அந்தப் பத்து விரல்கள்தான் அவளுடைய கடை. ஒருமுறை நகத்தில் ஊசி இறங்கியதிலிருந்து, நூல் கோக்கக்கூட மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் குனிவாள். உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அவர் முகம் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நாடாவை நறுக்கினாள். லிவர் துள்ளி விலகியது. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக் வயரையும் பிடுங்கி ஒதுக்கினாள். அதன் பிறகே கையை உள்ளே விட்டாள்.

"ஒரு கயிறை எடுக்க இவ்வளவு நேரமா? இரு, லேசா ஒரு இழுப்பு இழுத்தா சிக்கு தானா விட்டுடும்."

அவள் வாய் திறப்பதற்குள் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துவிட்டார்.

எஞ்சின் வெறுமனே 'புஸ்' என்றது. பற்கள் அசையவில்லை. இருவரும் அவள் கையையே பார்த்தார்கள். அடுத்த வீட்டுக் குழாயில் வாளி நிறைந்து வழியும் சத்தம் கேட்டது. யாரும் அதை மூடவில்லை.

"கட்டித்தானே வெச்சேன்..." என்றார் கடைசியில்.

"நான் வெட்டினேன்."

அவர் குனிந்து நாடாத் துண்டை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் தம்பி வந்து மிஷினை எடுத்துப் போனான். நடந்தது அவனுக்கு இன்றுவரை தெரியாது. மீதி நிலத்தை டிரைவர் ஒரு வாரம் மண்வெட்டியால் கொத்தினார். அவள் நான்கு நாள் அவரோடு பேசவில்லை, ஐந்தாம் நாள் பேசினாள். கடை இன்னும் நடக்கிறது.