கூழுக்குப் பிடித்த தண்ணீர்

செங்கொடி ஒன்றை முடிவு பண்ணிவிட்டால், அப்புறம் அந்த எல்லையம்மனே இறங்கி வந்து சொன்னாலும் கேட்கமாட்டாள். ஆடி மூன்றாம் ஞாயிறு தெருவுக்கே கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டது அவள்தான். மகள் மாயாவுக்கு மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்தபோது வேண்டியது. பிள்ளை எழுந்து பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். கூழ் மட்டும்தான் பாக்கி.

ஆனால் தண்ணீர்? அதைச் சொன்னால் வயிறு எரியும். திருவொற்றியூரில் அவள் குடியிருக்கும் சந்துக்குக் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் விடுவார்கள். அதுவும் சாக்கடை நாற்றத்தோடு வரும். வெந்த கூழைப் பச்சைத் தண்ணீர் ஊற்றித்தான் கரைக்க வேண்டும். தன் பிள்ளை பிழைத்ததற்காக ஊற்றுகிற கூழைக் குடித்து ஊரார் பிள்ளைக்குக் காமாலை வந்தால், அதற்குப் பெயர் வேண்டுதலா? இந்த யோசனையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நேரே குடிநீர் அலுவலகத்துக்குப் போய் நின்றாள். காசிமேட்டு மீன் ஏலத்தில் பழகிய குரல் அது. ஒரு தடவை பேசினாலே போதும். மறுநாளே என்ஜினியர் ஐரீன் வந்து சந்து முழுக்க நடந்து பார்த்தார். சாக்கடையை ஒட்டிப் போகிற பைப்பில் ஒரு இணைப்பு விட்டிருக்கிறது, திருவிழா முடிந்ததும் தோண்டி மாற்றித் தருகிறோம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். யாரோ வீட்டு அடிபம்பில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள், அந்த உறிஞ்சலில்தான் விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே ஏறுகிறது, மோட்டார் ஓடுகிறவரை புதுப் பைப் போட்டும் பிரயோஜனமில்லை என்று.

விழாக் கமிட்டித் தலைவர் அப்பாவு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, எங்கள் தெருவில் மோட்டார் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். சுற்றி நின்ற அத்தனை தலையும் ஆமாம் போட்டது. செங்கொடியின் புருஷன் பாரியின் தலையும்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம்!

இந்தப் பாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவனுக்கு மணலியில் மதிய ஷிப்ட். செங்கொடி இருட்டோடு மீனுக்குப் போய்விடுவதால், வீட்டுக்குத் தண்ணீர் பிடிப்பது அவன் வேலை. பம்பு அடித்து அடித்துத் தோள்பட்டையே கழன்றுபோச்சு என்பான். ஐயோ பாவம் என்று அவளும் வாராவாரம் தைலம் போட்டுத் தேய்த்துவிடுவாள். இப்படியொரு புருஷன் எவளுக்கு வாய்ப்பான் என்று ஏலக்கூடத்தில் பெருமை வேறு.

கூழ் ஊற்றும் நாளும் வந்தது. கோயில் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு காதைப் பிளந்தது. அண்டாக்கள் வரிசையாகத் தயாராக இருந்தன. கோயில் வாசல் அடிபம்பை அடித்தால், வந்தது அதே கலீஜ் தண்ணீர். அப்பாவு பக்கத்தில் வந்து, பேசாமல் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றிவிட்டுப் போயேன், எதற்குப் பேஜாரு என்றார்.

"இன்னிக்கு கேன்ல ஊத்திடுவேன் தலைவரே. நாளைக்கு இந்தப் புள்ளைங்க இன்னாத்த குடிக்கும்?"

கேட்டுவிட்டு அவள் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் வருகிற நேரத்துக்குச் சரியாக, பக்கத்தில் நிற்பவன் பேச்சுகூடக் கேட்காதபடி பாட்டை அலறவிட்டது யார்? இதே அப்பாவுதான். விறுவிறுவென்று மைக் செட்டுப் பக்கம் போனாள். பென் டிரைவைப் பிடுங்கினாள்.

பாட்டு நின்றதும் சந்து முழுக்க 'ஊ' என்ற இரைச்சல் கேட்டது. இந்த வீட்டில் மோட்டார், எதிர் வீட்டில் மோட்டார், அப்பாவு வீட்டிலும் மோட்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அகப்பட்டார்கள் என்று செங்கொடிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக் கதவு திறந்தது. மாயா தலையை நீட்டினாள்.

"நைனா, டிரம்மு ரொம்பிடிச்சி. மோட்டார நிறுத்தவா?"

அண்டாவைப் பிடித்துக்கொண்டிருந்த பாரி தரையைப் பார்த்தான். செங்கொடிக்கு இத்தனை நாள் தேய்த்த தைலமெல்லாம் கண்முன்னே வந்தது. அதைவிட, பிள்ளை மஞ்சள் கண்ணோடு கிடந்த கிடை வந்தது. இப்போது அழுதால் எல்லாருமாகச் சேர்ந்து தேற்றி, மோட்டாரை மறந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. மொத மோட்டாரு எங்க வூட்டுது. அது இஸ்துகினு வந்த சாக்கடையத்தான் எம்பொண்ணு குடிச்சா. மாயா, நிறுத்துடி. இனிமே எந்த வூட்டுல சத்தம் வருதோ, அந்த வூட்டுப் பேர இதே மைக்குல சொல்லுவேன்."

ஒவ்வொரு வீடாக இரைச்சல் அடங்கியது. கடைசியாக அடங்கியது தலைவர் வீடு. தேங்காய் எடுத்துவருகிறேன் என்று அவர் நழுவிப் போயிருந்தார்.

செங்கொடி பாரியின் கையைப் பிடித்துப் பம்புக் கைப்பிடியில் வைத்தாள். அவன் அடித்தான். முதலில் வந்த கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார்கள். அப்புறம் கலங்கலாக வந்தது, அதையும் கொட்டினார்கள். அவன் சட்டையெல்லாம் நனைந்த பிறகு, மெல்லிசாக ஆனால் தெளிவாக, நாற்றமில்லாமல் வந்தது. கூழுக்கு வந்திருந்த ஐரீன், கையோடு கொண்டுவந்த சின்னக் கண்ணாடிக் குழாயில் அதைப் பிடித்துச் சோதனை மருந்து விட்டார். தண்ணீர் மஞ்சளானது. செங்கொடி மாயாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பயப்படாதே, குளோரின் சாக்கடையில் கரைந்துபோகாமல் உன் குழாய்வரை வந்து சேர்ந்ததற்கு இதுதான் அடையாளம் என்றார் ஐரீன்.

அந்தத் தண்ணீரில் கரைத்த கூழில் முதல் சொம்பு மாயாவுக்கு. ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெங்காயம் கேட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் செங்கொடி மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் பாரி சட்டையைக் கழற்றிவிட்டு, நிஜமாகவே கையைத் தூக்க முடியாமல் வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான். திட்டித் தீர்த்துவிட்டு, தோலுரியத் தேய்த்தாள். அந்தத் தைலம் அன்றைக்குத்தான் நியாயமாகச் செலவானது.