மஞ்சள் நிறைந்த எழுத்துகள்

“சுண்ணாம்புக்கு உள்ள இருக்கிற தாத்தாவுக்குப் பேரு இன்னா?” என்று ஷோபா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டாள். தன் கொள்ளுத்தாத்தா மாசிலாமணி, மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர் என்று லோயிஸ் மகளுக்குச் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

சித்தூர் சபையாருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவரவர் குடும்பக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். லோயிஸ் கல்யாணமாகித் திருச்சானூருக்குப் போன பிறகும் ஒரு வருஷமும் தவறியதில்லை. அடித்து அடித்துச் சுண்ணாம்பு தோசை கனத்துக்கு ஏறி, எழுத்தே மறைந்துபோயிருந்தது.

இந்த வருஷம் சபைக் கமிட்டி ஓர் அறிவிப்பு வாசித்தது. கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. பெயர் காட்டப்படாத கல்லறைகளை ஈஸ்டருக்குப் பிறகு தோண்டி, புதிதாக இறப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

லோயிஸும் அவள் கணவர் ஜெபதாஸும் கொத்துக்கரண்டியோடு வந்து சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். உள்ளே ‘ரூத்தம்மாள்’ என்று இருந்தது.

ஜெபதாஸ் வெகுநேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தினி வருஷமா இந்தம்மாவுக்குப் பேரன் பேத்தியா இருந்துக்கினு இருக்கோம், போ” என்றார்.

லோயிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா கைகாட்டிய கல்லை அவள் சந்தேகித்ததே இல்லை. அப்படியானால் மாசிலாமணி எங்கே? தோண்டப்போகும் கல்லறைகளில் ஒன்றாக அவர் இருந்துவிட்டால்? அவள் ஒவ்வொரு கல்லாகத் துடைத்துப் படித்துக்கொண்டே பின்மதில்வரை போனாள்.

அந்த மூலையில் மஞ்சள் பூசிய கல் ஒன்று உண்டு. யாரோ மந்திரம் செய்கிறார்கள் என்று சபையார் அதை நெருங்குவதில்லை. அதனால் அதற்குச் சுண்ணாம்பும் விழுந்ததில்லை. இன்று அதன்மேல் ஒரு குழந்தை கிடந்தது. பக்கத்தில் நின்ற பெண் லோயிஸைப் பார்த்ததும் பயந்து, குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள்.

“தப்பா நினைச்சிக்காதம்மா. திருமலையில மொட்டை போடப் போய்க்கினு இருக்கோம். அதுக்கு முன்ன இங்க படுக்கவெச்சி எடுக்கணும். எங்க வீட்டு வழக்கம்.”

அவள் பெயர் வெங்கடலட்சுமி. தமிழ்நாட்டு எல்லையோர ஊர், மாந்தோப்பில் கூலி வேலை. லோயிஸ் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பயம் தெளிந்து மற்றதைச் சொன்னாள். ஒரு காலத்தில் அவர்கள் சேரியில் காலரா வந்தது. வீட்டில் எல்லோரும் செத்துப்போய், அவளுடைய தாத்தா மட்டும் கைக்குழந்தையாகப் பிணங்களுக்கு நடுவே அழுதுகொண்டிருந்தாராம். வாசற்படி மிதிக்க ஊரில் ஒருவரும் துணியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தூருக்கு நடந்தே போனாராம்.

“எங்க யாருக்கும் படிக்கத் தெரியாது, பேரும் தெரியாதும்மா. மருந்து சாமின்னு கும்புடுவோம். எங்க வம்சமே அவரு தோள்ல ஏறி வந்ததுதான்.”

லோயிஸ் குனிந்தாள். தலைமுறை தலைமுறையாகப் பூசிய மஞ்சள் கருங்கல்லின் வெட்டுகளுக்குள் இறங்கித் தங்கியிருந்தது. எழுத்துகள் பொன்போல் நின்றன. மாசிலாமணி. கம்பவுண்டர்.

லோயிஸ் அந்த எழுத்துகளை விரலால் தடவினாள். தன் வீட்டில் பெயர் மட்டும் இருந்தது. அவர் செய்தது இவர்கள் வீட்டில் இருந்தது. ஒரு குடும்பத்தின் நினைவை ஆண்டவர் அந்தக் குடும்பத்தாரிடம் மட்டும் ஒப்படைப்பதில்லை. அன்பாய்ச் செய்த ஒன்றை, யாரிடம் கொடுத்தால் காப்பாற்றுவார்களோ அவர்களிடம் கொடுத்துவைக்கிறார்.

“அவரு பேரு மாசிலாமணி” என்று லோயிஸ் மெல்லச் சொன்னாள். “எங்க தாத்தாவோட நைனா.”

வெங்கடலட்சுமி அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு குழந்தையை லோயிஸின் தோளில் சாய்த்தாள்.

கமிட்டிக்காரர் வந்து பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டார். கல் அங்கேயே இருக்கும். ஷோபாவுக்கு லோயிஸ் போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஈஸ்டர் கழிந்து ஒரு ராத்திரி லோயிஸ் தனியாகப் பஸ் ஏறி, விடியுமுன்பே வெங்கடலட்சுமியின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். வெங்கடலட்சுமி சொல்லியிருந்தபடி, சித்தூருக்குத் தோளில் வந்த அந்தப் பிள்ளை, வளர்ந்து வாழ்ந்து, அங்கே ஏரிக்கரையில் புதைக்கப்பட்டிருந்தார். மேட்டை முள்செடி மூடியிருந்தது. கையில் ரத்தம் வர வர அவள் முள்ளை வெட்டி ஒதுக்கினாள், மண்ணைக் கூட்டினாள், ஏரித் தண்ணீரை மொண்டு வந்து தெளித்தாள். முழங்காலிட்டு ஜெபித்தாள். ஊர் எழுமுன் பஸ் நிற்கும் ரோட்டுக்கு வந்துவிட்டாள்.