அங்கமுத்துவின் மூச்சுப் பாடு

பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழும் இடம் கொஞ்சம். அதற்கு ஆசைப்படும் ஆட்கள் நிறைய. அதனால் அந்தக் குப்பத்தில் மூன்று கூட்டமாகப் பிரிந்து, கூட்டத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்து வலை போடுகிறார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. அடுத்தவன் பாட்டில் வலையை நனைத்தவன் தொலைந்தான்.

அங்கமுத்து படகில் தலைசுற்றி உட்கார்ந்த அன்று, நர்ஸ் திவ்யா ரத்தக்கொதிப்பை அளந்தாள். நூற்றெழுபது. மாத்திரை கொடுத்தாள், மூச்சுப் பயிற்சியும் நல்லது என்றாள். படகுக்காரர் தாமோதரன் இன்னும் சுருக்கமாகப் பேசினார்.

"நூத்திநாப்பதுக்குக் கீழ எறங்கினா படகுல ஏறு. பதினஞ்சு நாள் பாப்பேன். அப்பால சீசன் முழுக்க வேலுதான்."

"பொறுமையா எறங்கட்டும்ணா," என்றான் அங்கமுத்துவுக்குப் பதிலாகப் படகேறவிருந்த வேலு, அக்கறையாக.

அந்த வாரமே புயல் பாதுகாப்புக் கூடத்துக்கு மூச்சுக்கலை நிபுணர் ஹரிஹரன் வந்து சேர்ந்தார். வெள்ளை ஜிப்பா, கன்னத்தோரம் மைக். மனிதகுலம் இதுவரை தப்பாக மூச்சு விட்டு வந்த வரலாற்றை ஒரு மணி நேரம் சொன்னார்.

"ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி பண்ணணும் சார்?" அங்கமுத்துவுக்கு அவசரம்.

"அதை உங்கள் பிராணன் முடிவு செய்யும்."

"எங்க வூட்ல எல்லாம் மனோரமாதான் சார் முடிவு பண்ணும்."

பின்னாலிருந்து மனைவி முறைத்தாள். ஹரிஹரன் கண்ணை மூடிப் புன்னகைத்தார். "எண்ணிக்கையை விடுங்கள். உங்கள் பாட்டுக்குச் செய்யுங்கள்."

கூட்டத்தில் தெளிவு பிறந்தது. பட்டணத்து ஆளுக்குப் பாடு வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று மரியாதையும் பிறந்தது. அவரவர் பாடு வரும் நாளில் மட்டும் மூச்சுப் பயிற்சி என்று அங்கேயே முடிவாயிற்று.

நாலாம் நாள் சண்டை வந்தது.

"இன்னா நாகப்பா, எங்க பாட்டுல நீ மூச்சு இழுக்கறே?" என்றான் அங்கமுத்து.

அடுத்த கூட்டத்து நாகப்பன் கரையில் சம்மணமிட்டிருந்தான். "கொட்டாவி வுட்டேன்பா."

"ஒரு பக்கத்து மூக்க வெரலால அடைச்சிக்கினா?"

பஞ்சாயத்து கூடியது. தானாக வரும் மூச்சுக்குத் தடையில்லை. வேண்டுமென்று இழுப்பது மட்டும் பாட்டுக்கு உட்பட்டது என்று தீர்ப்பானது.

பதினைந்தாம் நாள் திவ்யா மறுபடி அளந்தாள். நூற்றறுபத்தாறு. வாசலில் தாமோதரன், அவருக்குப் பின்னால் வேலு, புது லுங்கியில்.

"மூச்சுப் பயிற்சி செஞ்சீங்களா?"

"பாட்டுக்குத்தான் சிஸ்டர். மூணு நாளைக்கு ஒரு வாட்டி."

"தினமும் ரெண்டு வேளை செய்யணும். சரி, மாத்திரை?"

அங்கமுத்து மனோரமாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "அதுவும் பாட்டுக்குத்தான்."

மனோரமா நேரே வாசலுக்குப் போனாள்.

"இன்னும் பத்து நாள் குடுண்ணா. மாத்திரைய நான் பாத்துக்கறேன்."

தாமோதரன் யோசித்தார். போன பாட்டில் வேலு வலையோடு சேர்ந்து தானும் ஏரியில் விழுந்திருந்தான். "பத்து நாள். பதினோராவது நாள் கேக்காதே."

பத்தாம் நாள் நூற்று முப்பத்தெட்டு. "கொறஞ்சிடுச்சேன்னு மாத்திரைய நிறுத்தாதீங்க," என்று திவ்யா மூன்று தடவை சொன்னாள். மறுநாள் காலை படகைத் தள்ளும் நேரத்தில் மனோரமா சொம்போடு தண்ணீரில் இறங்கி வந்தாள். அங்கமுத்து மாத்திரையை விழுங்கினான்.

"நாக்கத் தூக்கு," என்றாள் அவள்.

படகிலிருந்த ஐந்து பேரும் பார்க்க, தூக்கினான்.