மாப்பிள்ளை பழக்கிய வீடு

நாய்க்குப் புயல் என்று பெயர் வைத்தது மாப்பிள்ளையின் மச்சான். பெயரையும் வைத்து, நாயையும் வீட்டில் வைத்துவிட்டு, மேல்படிப்புக்கு விமானம் ஏறிவிட்டான். அவனுக்கென்ன, அவதி வீட்டில் இருப்பவர்களுக்கு. நாய்க்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, ஆனால் வீட்டை இரண்டாக்கிவிடும். வாசல் மணி அடித்தால் போதும், சோபாவிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து வந்தவர் மார்புக்கும் ஒரே பாய்ச்சல். ஒரு நாள் அத்தை துணிக்கூடையோடு வர, அன்பு மிகுதியில் அது தாவ, அத்தை மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள்.

அன்று மாமா தீர்ப்புச் சொன்னார். "ஒண்ணு இதை அடக்கணும், இல்ல யார்கிட்டயாவது கொடுத்துடணும். மாப்பிள்ளை வீட்லதானே இருக்கார், பாத்துப்பார்."

வீட்லதானே இருக்கார். மாமா குத்திக் காட்டச் சொல்லவில்லை, ஆனால் குத்தத்தான் செய்தது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியபோது, வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லி, மனைவியோடு அவள் பிறந்த வீட்டுக்கு வந்தவன். கொடுத்த அறை மச்சானுடையது. அலமாரி முழுக்க இன்னும் மச்சானின் சட்டைகள். இவன் துணிமணி பெட்டியிலேயே கிடந்தது. வெளியே எடுத்து அடுக்கினால் இங்கேயே தங்கிப் போய்விடுவோமோ என்று அவனுக்கு ஒரு பயம்.

இருந்தாலும் தலையில் விழுந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவன். பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு போனில் பேசிப் பேசிப் பழகிய வாய் அது. கதவைத் தள்ளாதீங்க, எல்லா பட்டனையும் அமுக்காதீங்க, கீழ உட்காருங்க, வந்துட்டே இருக்கேன். குரலை இறக்கி அவன் சொன்னால் எப்பேர்ப்பட்ட மனிதரும் தரையில் உட்கார்ந்துவிடுவார். நாய்க்கு மட்டும் என்ன, அதற்கும் பதற்றம்தானே.

கொஞ்சம் கவனித்ததுமே அவனுக்கு விஷயம் பிடிபட்டது. குதித்தால் மாமா "டேய் டேய்" என்று சிரித்தபடி பிஸ்கட் நீட்டுகிறார். அத்தை அலறிக்கொண்டு ஓடுகிறாள். ஓடிப்பிடித்து விளையாடுகிறாள் என்று நாய் பின்னாலேயே ஓடுகிறது. மனைவி பாவம் பார்த்துத் தூக்கிக்கொள்கிறாள். சும்மா படுத்திருந்தாலோ ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இந்த லட்சணத்தில் எந்த நாய் சும்மா இருக்கும்?

ஆகவே அவன் வீட்டைப் பழக்க ஆரம்பித்தான். எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்துப் பாடம் எடுத்தான். "அது குதிச்சா யாரும் திட்டக் கூடாது, தொடக் கூடாது, பேசக் கூடாது. முகத்தைக்கூடப் பாக்காதீங்க. திரும்பி நின்னுக்கோங்க. தானா உட்காரும். உட்கார்ந்த உடனே பிஸ்கட், கொஞ்சல் எல்லாம்."

"பாவம்ங்க, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா அதுக்குக் கஷ்டமா இருக்காதா?" என்றாள் மனைவி.

"கொஞ்ச நேரம்தான். அப்புறம் பழகிடும்."

முதலில் வீடு அமர்க்களப்பட்டது. மாமா கையைப் பின்னால் கட்டி, முகவாயைத் தூக்கி, சுவரைப் பார்த்து நிற்பார். பின்னால் புயல் சட்டையைப் பிடித்து இழுக்கும். சிரிப்பை அடக்கி அடக்கி அவர் தோள் குலுங்கும். அத்தை மாவுக்கட்டுக் கையோடு மூலையைப் பார்த்து நிற்பாள். போகப் போக நாய் அடங்கியது. இப்போது மணி அடித்தால் தன் விரிப்பில் போய் உட்கார்ந்து, எங்கே என் பிஸ்கட் என்று பார்க்கிறது. மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். "எல்லாம் நம்ம மாப்பிள்ளை கைவண்ணம். இனிமே அவர் இல்லாம இந்த வீடு நடக்காது."

அந்தக் கடைசி வார்த்தையில் மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டியது.

நல்லவேளை, வெளியூரில் ஒரு வேலை தகைந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் லிஃப்டுகளைப் பராமரிக்க வேண்டும், குடியிருக்க வீடும் தருகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் ஆசை ஆசையாகச் சொன்னான். மாமா எழுந்துபோய் ஜன்னல் திரையைச் சரிசெய்தார். அத்தை முதுகைக் காட்டி அடுப்பைத் துடைத்தாள். காதில் விழவில்லையோ என்று எழுந்து நின்று உரக்கச் சொன்னான். அப்போதும் பதில் இல்லை. சலித்துப்போய் உட்கார்ந்த பிறகு, "சூடா டீ போடட்டுமா மாப்பிள்ளை?" என்றாள் அத்தை. அடுத்தடுத்த நாளும் இதே கதை. அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. மனைவி அறைக்குள் வந்து, "போயிடலாங்க. அப்பாகிட்ட நானே சொல்றேன்" என்பாள். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

அந்த ஆஸ்பத்திரி மேனேஜரும் எத்தனை நாள் பொறுப்பார்? "சாயந்திரம் கூப்பிடறேன். வர்றேன்னு சொல்லலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

சாயந்திரம் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். போனை மேஜையில் வைத்துவிட்டு அவன் எழுந்து நின்றான்.

"மாமா, இப்ப போன் வரும். நான் சரின்னு சொல்லப் போறேன். நாங்க ரெண்டு பேரும் கிளம்பறோம்."

மாமா எழுந்து சுவர்ப் பக்கம் போனார். அத்தை அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்டதான் பேசறேன்! முடியாதுன்னாவது சொல்லுங்களேன்!"

அவன் குரல் ஏற ஏற அவர்கள் இன்னும் நன்றாகத் திரும்பிக்கொண்டார்கள். மாமா கையைப் பின்னால் கட்டியிருந்தார், முகவாயைத் தூக்கியிருந்தார். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. 

"என்னையும் நாய்னு நினைச்சுட்டீங்களா?"

மாமா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கூடிப் பேசி வைத்துக்கொண்டு செய்தார்கள் என்று சொல்ல முடியாது, அவ்வளவு கெட்டவர்களும் இல்லை. ஒரு தடவை பலித்த வைத்தியத்தைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அதற்காக அவர்களை மன்னித்துவிட வேண்டும் என்று கதை சொல்கிற எனக்குத் தோன்றவில்லை.

போன் அடிக்க ஆரம்பித்தது. அவன் மனைவியைப் பார்த்தான்.

"நீயாவது சொல்லு. சொல்றேன்னு சொன்னியே."

அவள் வாயெடுத்தாள். அப்பாவின் முதுகைப் பார்த்தாள், அம்மாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு மெல்ல, மிக மெல்ல, அவளும் திரும்பி நின்றுகொண்டாள்.

போனை எடுத்து, வேலைக்கு வருகிறேன் என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லாமல் இல்லை. யாரோடு வருகிறேன் என்று சொல்வது? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

உட்கார்ந்ததுதான் தாமதம், மூன்று முகங்களும் அவன் பக்கம் வந்தன. "ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க மாப்பிள்ளை" என்றார் மாமா, நிஜமான பாசத்தோடு. அத்தை டீ போட ஓடினாள். மனைவி அவனுக்குப் பின்னால் வந்து, அழுதுகொண்டே, அவன் தலையைக் கோதிவிட ஆரம்பித்தாள்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும். ஆனால் இத்தனை நாளாக ஒரு முகத்துக்கு ஏங்கிப் போனவனுக்குத் தலையைக் கோதும் அந்தக் கை இதமாக இருந்தது. இதமாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. நிமிர்ந்தால் அது விலகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அவன் நிமிரவில்லை.