இளவரசின் நாலு மெடல்கள்

எனக்கு ஒரு செத்துப்போனவன் மேல் இருபத்திரண்டு வருஷமாகப் பொறாமை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உயிரோடு இருப்பவனாக இருந்தால் ஒரு நாளாவது சட்டையைப் பிடித்திருப்பேன். இவனோ எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில், ஒரு சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள் நாலு மெடல்களாக உட்கார்ந்திருக்கிறான். பெயர் இளவரசு. ஊர் காடாம்புலியூர். என் மனைவி வெண்மதியின் முதல் கணவன். கார்கில் போரில் உயிரை விட்டவன்.

நான் தில்லைநாதன், சிதம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் என் கண்ணாடி வழியாகத்தான் நடராஜரைப் பார்க்கிறார்கள். ஆனால் ஆகஸ்ட் பதினைந்து வந்துவிட்டால் தெருவில் என்னைத் தாண்டிப் போய் வெண்மதிக்குத்தான் வணக்கம் வைப்பார்கள். 'கார்கில் வீரர் சம்சாரம்' என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார்கள். அப்படியென்றால் நான் யார்? அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவனா?

என் அம்மாவும் அப்படித்தான். வெண்மதியைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது, தாலியறுத்தவளா என்று அழுது, ரெண்டு நாள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். தாய்மாமா ராமாமிர்தம்தான் வந்து பேசிச் சரிக்கட்டினார். என்ன பேசினாரோ, மறுநாள் காலையில் அம்மா எழுந்து காபி கேட்டாள். "நாட்டுக்காக உயிர விட்டவன் சம்சாரம்டா. அவ நம்ம வீட்டுக்கு வர நாம குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். சாகிற வரைக்கும் அந்தப் பெருமையைத் தெருவெல்லாம் அளந்தாள். பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வெண்மதி மட்டும் அவனைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். வெள்ளிக்கிழமை பெட்டியைத் துடைப்பாள், திரும்ப வைப்பாள். மனசுக்குள் எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தால் இப்படிப் பேசாமல் இருப்பாள் என்று நினைத்து நினைத்தே எனக்கு வயிறு எரியும்.

இந்த ஜூலையில் என் மகள் சத்யப்பிரியா அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

"காலேஜ்ல சுதந்திர தினத்துக்கு மிலிட்டரி அப்பா பத்தி பேசப் போறேம்பா. ரிப்பன்லாம் நைஞ்சு போயிருக்கு. கடலூர்ல மாத்திக் குடுக்குறவரு ஒருத்தரு இருக்காராம். எந்த மெடல் எதுக்குக் குடுத்தாங்கன்னும் கேட்டு எழுதிட்டு வாப்பா."

என் மூக்கு, என் கிட்டப்பார்வை, என் முன்கோபம் எல்லாம் அப்படியே இருக்கிற என் பெண். அவள் வாயில் அவனும் அப்பா! போகிறேன் என்றேன். மகளுக்காகப் போகவில்லை. எங்கேயாவது ஒரு ஓட்டை அகப்படாதா என்றுதான் போனேன்.

முதலில் கடையில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மெடலின் விளிம்பில் பொடி எழுத்தில் ஓர் எண், அவன் பெயர், பிறகு ஏ.எஸ்.சி. என்று மூன்று எழுத்து. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடலூருக்கு பஸ் ஏறினேன்.

அங்கே மஞ்சக்குப்பத்தில் ஆரோக்கியராஜ் என்கிற ரிட்டயர்டு ஹவில்தார் சின்னக் கடை வைத்திருந்தார். மெடலுக்கு ரிப்பன் மாற்றுவதும், வரிசைப்படி கோத்துக் கொடுப்பதும்தான் வேலை. பெட்டியைத் திறந்ததும் சீட்டைப் பிரித்துப் போடுகிற மாதிரி நாலையும் மேஜையில் வைத்தார்.

"இது எல்லைப் பக்கம் வேல பாத்ததுக்கு. இது உசரமான மலையில இருந்ததுக்கு. இது ஒம்போது வருஷ சர்வீசுக்கு. இது சுதந்திரப் பொன்விழா மெடல், தொண்ணூத்தேழுல யூனிஃபார்ம்ல இருந்த எல்லாருக்கும் குடுத்தது. என்கிட்டயும் இருக்கு."

"கார்கில்ல செத்தவருங்க அவரு" என்றேன்.

அவர் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். "அங்க சண்ட நடந்த எடத்துல இருந்தவங்களுக்குத் தனியா ஒரு ஸ்டார் உண்டு சார். செத்துப் போயிருந்தாலும் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. இதுல அது இல்லியே. ஏ.எஸ்.சி.ன்னா ரேஷன், வண்டி, சமையல் பாக்குற பிரிவு. இவரு கார்கில் போன மாதிரி தெரியல."

நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டைக் கடலையை ஒருத்தனாகவே தின்று தீர்த்தேன். நாலும் வருகைப் பதிவுக்குக் கொடுத்தது! இருபத்திரண்டு வருஷம் என் தலைமேல் நின்றவன் புளிமூட்டை மாதிரிப் பொத்தென்று விழுந்துவிட்டான். ஆலப்பாக்கம் தாண்டும்போது எனக்குப் பாட்டே வந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை. வெண்மதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உன் வீட்டுக்காரரு கார்கிலுக்கே போகலியாமே" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "ஆமா. போகல."

"போகலியா?"

"மஞ்சக்காமால. ஆஸ்பத்திரியில இருபது நாள் கெடந்து செத்தாரு. சண்ட நடந்த அதே மாசம்."

"அப்பறம் எதுக்கு இத்தினி வருஷம் கார்கில் வீரருன்னு ஊர ஏமாத்துன?"

இப்போது நிமிர்ந்தாள். "நான் எப்பங்க சொன்னேன்? ஒரு தடவ சொல்லியிருக்கேனா? உங்க ராமாமிர்தம் மாமா சொன்னாரு, உங்க அம்மாகிட்ட. 'தில்லைதான் என்ன சொன்னாவது சம்மதம் வாங்குங்கன்னு கால்ல விழுந்தான், நீ மறுத்துக் கிறுத்துப் பேசிடாதம்மா'ன்னு என்கிட்ட வந்து நின்னாரு. இந்த வீட்டுக்குள்ள வரணும்னு எனக்கும் ஆசையிருந்துச்சு. வாய மூடிக்கிட்டேன்."

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னா வேணா சொல்லுங்க மாமா, கல்யாணம் நடக்கணும்" என்று நான் கெஞ்சியது ஞாபகம் வந்தது. அந்த வீரன் எனக்காகச் செய்யப்பட்டவன். அவனைப் பார்த்துத்தான் இவ்வளவு காலம் வெந்திருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே நிறுத்தியிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அப்ப அவரு என்னாதான் வேல பாத்தாரு?"

"சமையல்" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் மாறியது. "ரொம்ப பயந்த சுபாவம். பல்லி விழுந்தா அந்த மனுஷன் எனக்குப் பின்னால வந்து நிப்பாரு. லீவுல வந்தா என்ன அடுப்பங்கரைக்கே விடமாட்டாரு. காடாம்புலியூர்ல பலா காலத்துல, கையில எண்ணெயத் தடவிக்கிட்டு உக்காந்து, சொள சொளயா கொட்டை எடுத்து, என் தட்டுலதான் மொதல்ல போடுவாரு. அவுங்க அம்மா திட்டுவாங்க. திட்டட்டும்னு இன்னும் ரெண்டு போடுவாரு."

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. நான் அவள் தட்டில் எதையாவது எடுத்துப் போட்டிருக்கிறேனா? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. மலைமேல் துப்பாக்கியோடு நின்றவனுக்கு முகம் இல்லை, அவனோடு எப்படியோ காலத்தை ஓட்டிவிட்டேன். இவனுக்கு முகம் இருக்கிறது, எண்ணெய்க் கை இருக்கிறது. என் நெஞ்சு முன்னைவிட மோசமாக எரிந்தது.

"நல்லதாப் போச்சு. புள்ள கிட்டயும் உண்மைய சொல்லிடுவோம்" என்றாள் வெண்மதி. "இதெல்லாம் கேட்டா அவளுக்கு அவர ரொம்பப் புடிச்சிப்போயிடும்."

வாசலில் ஸ்கூட்டி நின்றது. சத்யப்பிரியா பையைக்கூட இறக்காமல் உள்ளே வந்தாள். "என்னாப்பா, கேட்டியா? மிலிட்டரி அப்பா எப்படிப்பட்டவராம்?"

வெண்மதி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பெரிய வீரரும்மா" என்றேன். "வேற ஒண்ணும் தெரியல."